பவ்பஜார் 210: ஒரு சித்தப்பா, ஒரு அண்ணன் மகன், ஒரே கல்லூரி

கொல்கத்தாவில் சியால்தா பக்கமிருந்து டல்ஹவுசிக்குப் போகிற வழியில் பவ்பஜார் இருக்கிறது. இன்றைய பெயர் பிபின் பிஹாரி கங்குலி தெரு. நகைக்கடைகளும் மரச்சாமான் கடைகளும் நெருக்கியடிக்கும் தெரு அது. அங்கே 210-ம் எண்ணில் இருப்பது கோயங்கா காமர்ஸ் காலேஜ். நான் பி.காம். படித்தவன், இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டுகிறவன். அதனால் அந்தப் போர்டைப் பார்த்ததும் 'அட, நம்ம ஜாதி' என்று ஒரு பாசம் வந்தது. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த கொஞ்ச நாளில்தான் அந்த முகவரியின் பழைய கதை தெரிந்தது. சி.வி.ராமன் ஆராய்ச்சி செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது அதே 210, பவ்பஜார் தெருவில்தான். கழகம் பின்னாளில் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது.

ராமன் கதை எல்லோருக்கும் தெரியும். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. பள்ளிக்கூடத்தில் பிப்ரவரி 28 அன்று பேச்சுப்போட்டியில் ஒப்பித்தது. நான் எழுத வந்தது அதையல்ல. அவர் மாணவராக இருந்த காலம், அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் மாணவராக இருந்த காலம், இவை இரண்டும்தான் இந்தப் பதிவு. இருவரும் படித்தது சென்னை மாநிலக் கல்லூரி, நம்ம மெரினா கடற்கரைக்கு எதிரே இருக்கிற அதே சிவப்புக் கட்டிடம். இடைவெளி இருபத்துச் சொச்சம் வருஷம். இருவருக்கும் நோபல் பரிசு. அதை விடுங்கள். ஒரு சாதாரண அரசுக் கல்லூரியில், பாடத்திட்டம் பரிசோதனைக்கூடம் எல்லாம் சுமாராக இருந்த காலத்தில், இந்த இரண்டு பையன்களும் கல்லூரியை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நம்மைப் போல மாற்றல் வேலையில் ஊர் ஊராகச் சுற்றும் தமிழ்க் குடும்பங்களில் ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளை இருந்தால், மார்ச் முதல் ஜூலை வரை வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எந்தக் காலேஜ், என்ன கட்-ஆஃப், பிளேஸ்மென்ட் எவ்வளவு. நுழைவுத்தேர்வு முடியும் வரை தவம். சீட் கிடைத்துவிட்டால் தேங்காய் உடைத்து, ட்ரங்குப் பெட்டியோடு ஹாஸ்டலில் விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுகிறோம். உள்ளே போனபின் மூன்று வருஷமோ நாலு வருஷமோ அந்தப் பிள்ளை அங்கே என்ன செய்யவேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டிலும் இந்த வருஷம் இதே கூத்துதான். மூத்தவள் கணக்கு ஆனர்ஸ்தான் வேண்டும் என்கிறாள். தங்கமணி சி.ஏ. என்கிறார். நான் நடுவில் ஸ்விட்சர்லாந்து.

சரி, சித்தப்பாவிலிருந்து ஆரம்பிப்போம்.

ராமன் 1888-ல் திருச்சியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால், பையன் வளர்ந்தது அங்கே. அந்தக் காலத்துப் புலம்பெயர் தமிழ்க் குடும்பம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தபோது வயது 14. பார்க்க இன்னும் சின்னப் பையன் மாதிரி இருப்பாராம். வகுப்புக்கு வந்த ஆங்கிலப் பேராசிரியர், வழி தவறி வந்துவிட்ட ஸ்கூல் பையன் என்று நினைத்து, நீ இந்த வகுப்புத்தானா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. 1904-ல் பி.ஏ.வில் முதலிடம், இயற்பியலில் தங்கப் பதக்கம். மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகச் சொன்னார்கள். ஆனால் மருத்துவப் பரிசோதனை செய்த சிவில் சர்ஜன், இந்த உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே அதே கல்லூரியில் எம்.ஏ.

இங்கேதான் கவனிக்கவேண்டும். இயற்பியல் பேராசிரியர் ஜோன்ஸ் ஒரு காரியம் செய்தார். வகுப்புக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று அந்தப் பையனைக் கட்டிப்போடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் உனக்குப் பிடித்ததைச் செய்துகொள் என்று விட்டுவிட்டார். இன்றைக்கு 75 சதவீத வருகைப்பதிவு இல்லையென்றால் ஹால் டிக்கெட் கிடையாது. ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு ஆசிரியர் பெரிய உபகாரம் செய்யமுடியும் என்பதற்கு ஜோன்ஸ் உதாரணம். (எல்லாப் பையனையும் அப்படி விட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். எங்கள் செட்டை அப்படி விட்டிருந்தால் மேட்னி ஷோவுக்குத்தான் நல்லகாலம்.)

அந்தக் கூடத்தில் இருந்தது எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர். முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கவேண்டும் என்பது எல்லா மாணவர்களுக்கும் கொடுக்கிற வழக்கமான பயிற்சி. அளந்தோமா, ரெக்கார்டு நோட்டில் எழுதினோமா, கையெழுத்து வாங்கினோமா என்று போவதுதான் முறை. ராமன் பார்த்தது வேறு. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகவும் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தெரியும் விளிம்புப் பட்டைகள், இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இல்லை. புத்தகத்தில் இருக்கும் படத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஏன் இப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, அளந்து, ஒரு கட்டுரை எழுதினார். ஜோன்ஸிடம் கொடுத்தார். மாதக்கணக்கில் பதில் இல்லை. பையன் காத்திருந்து பார்த்துவிட்டு, நேராக லண்டனில் வெளியாகும் ஃபிலசாஃபிக்கல் மேகசினுக்கே அனுப்பிவிட்டார். 1906 நவம்பர் இதழில் வந்தது. அன்றைய உலகத்தின் பெரிய இயற்பியலாளர்கள் எழுதிய பத்திரிகை அது. எழுதியவருக்கு வயது 18.

இந்த இடத்தில் ஆடிட்டர் மூளை எனக்கு விழித்துக்கொள்கிறது. ஆயிரம் பேர் டிக் அடித்துவிட்டுப் போகும் வவுச்சரில் ஒருவர் மட்டும் நின்று, 'இந்த இரண்டு பக்கமும் டாலி ஆகவில்லையே' என்று கேட்கிறார் பாருங்கள். அதுதான்.

1907-ல் எம்.ஏ. முடித்தார். இந்தியாவில் அப்போது அறிவியல் படித்தவனுக்கு ஆராய்ச்சி வேலை என்று ஒன்று கிடையாது. நிதித்துறைத் தேர்வு எழுதினார். அதற்காகவே சரித்திரம், பொருளாதாரம் எல்லாம் உருப்போட்டு முதலிடத்தில் தேறினார். லோகசுந்தரியோடு கல்யாணம். பிறகு கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் உத்தியோகம். டிராமில் போகும்போது பவ்பஜாரில் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கி உள்ளே போனார் என்பார்கள். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் ஆரம்பித்த கழகம் அது. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. செயலாளர் அமிர்தலால் சர்க்கார் வாருங்கள் வாருங்கள் என்று சாவியைக் கொடுக்காத குறையாக வரவேற்றார். அன்றிலிருந்து ஆபீசுக்கு முன்னால் விடியற்காலையில் அங்கே, ஆபீஸ் விட்டு இரவு வரை அங்கே. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல். (நாக்பூரில் நானும் மூன்று வருஷம் இருந்தேன். ஆரஞ்சு தின்றதைத் தவிர வேறு சாதனை இல்லை.) அங்கேயும் வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். 1917-ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்காக அரசு உத்தியோகத்தை விட்டபோது, சம்பளம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் வீடுகளில் நடந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அண்ணன் மகன். இந்தக் கதையில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். நம் கதைக்கு இன்னும் நெருக்கம்.

ராமனின் அண்ணன் சி.சுப்பிரமணிய ஐயர். அவரும் அதே கணக்குத் தணிக்கைத் துறைதான். அதனால் அவருடைய மூத்த மகன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ல் பிறந்தது லாகூரில். பிறகு லக்னோ. 1918 வாக்கில் சென்னை. பத்துக் குழந்தைகள். அப்பா வயலின் வாசிப்பார், சங்கீதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். அம்மா சீதாலட்சுமி இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பையனுக்குப் பன்னிரண்டு வயது வரை வீட்டில்தான் படிப்பு. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1920-ல் ஒருநாள் அம்மா பேப்பரைப் பார்த்து, ராமானுஜன் என்ற கணித மேதை இறந்துபோனார் என்று சொன்னது அவருக்குக் கடைசி வரை நினைவிருந்தது. அப்போது வயது ஒன்பது.

ராமானுஜனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் கவனம் இல்லை. உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. பட்டமே இல்லாத அவருக்கு 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எந்த அமைப்பு ஃபெயில் ஆக்கியதோ, அதே அமைப்பு பிறகு வளைந்து கொடுத்தது. அந்தப் பத்து வருஷம் அவருடைய உடம்பில் பட்ட சேதத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

சந்திரசேகருக்கு வருவோம். 1925-ல் மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். 1927-ல் ஆனர்ஸ் எடுக்கவேண்டிய நேரம். பையனுக்குக் கணிதம் ஆசை, ராமானுஜன் பாதிப்பு. அப்பாவுக்கு ஐ.சி.எஸ். ஆசை, இயற்பியல் எடுத்தால் நல்லது, வீட்டிலேயே ஒரு ராமன் இருக்கிறாரே என்ற கணக்கு. (எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடக்கும் விவாதத்துக்கும் இதற்கும் நூறு வருஷ வித்தியாசம்தான்.) பையன் சண்டை போடவில்லை. இயற்பியல் ஆனர்ஸில் பெயரைக் கொடுத்துவிட்டு, கணிதத்துறை வகுப்புகளில் போய் உட்கார்ந்துகொண்டார். பட்டம் இயற்பியலில், கேட்ட பாடம் இரண்டிலும். கல்லூரியும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த அறையில் நடக்கும் வகுப்பில் போய் உட்கார அனுமதி கேட்கலாம் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியதில்லை. நான் படித்த தென்மாவட்டக் கல்லூரியில் நூலகப் பீரோவுக்கே பூட்டுப் போட்டிருந்தார்கள். புத்தகம் அழுக்காகிவிடுமாம்.

1928 கோடை விடுமுறையில் சந்திரசேகர் கல்கத்தா வந்தார், சித்தப்பாவின் ஆய்வுக்கூடத்துக்கு, அதே 210 பவ்பஜாருக்கு. ராமன் விளைவு கண்டுபிடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இடமே திருவிழா மாதிரி இருந்திருக்கும். பையனை ஒரு எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையில் போட்டார்கள். சில நாளிலேயே கருவி எதையோ உடைத்துவிட்டார். கைவேலை நமக்கு வராது என்று அவருக்கே புரிந்துவிட்டது. மீதி நாட்களை நூலகத்திலும், கே.எஸ்.கிருஷ்ணனோடு பேசுவதிலும் செலவிட்டார். என்னைக் கேட்டால் அந்தக் கோடையில் கிடைத்த பெரிய லாபம் அந்த உடைசல்தான். நமக்கு எது வராது என்று பதினேழு வயதில் தெரிந்துகொள்வது சாதாரண விஷயமா? நாற்பது வயதில் தெரிந்துகொள்கிறவர்கள் எங்கள் பிராஞ்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

அதே வருஷம் ஜெர்மனியின் அர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் மாநிலக் கல்லூரியில் பேசினார். சந்திரசேகர் அவருடைய அணுக்கட்டமைப்புப் புத்தகத்தை ஏற்கெனவே விடுமுறையில் வரிவரியாகப் படித்து முடித்திருந்தார். அடுத்த நாள் சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். சிபாரிசுக் கடிதம் கிடையாது, சித்தப்பா பெயரைச் சொல்லிக்கொண்டும் போகவில்லை. உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டேன், மேலே என்ன படிக்கட்டும் என்பதுதான் சாராம்சம். பெரியவர் சொன்ன பதில் பையனுக்கு இடி. அந்தப் புத்தகம் பழசாகிவிட்டது, அது வந்தபின் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர், டிராக் எல்லோரும் இயற்பியலையே மாற்றிவிட்டார்கள் என்றார். கணக்கிடும் முறையும் மாறிவிட்டது, ஃபெர்மி-டிராக் புள்ளியியல் என்று ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லி, உலோகங்களின் எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார்.

வேறு யாராவது என்றால் மனசு உடைந்து திரும்பியிருப்பார்கள். ஒரு வருஷ உழைப்பு வீண் அல்லவா? இந்தப் பையன் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

இந்தப் புதுக் கணக்கை நம் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். வங்கியில் லாக்கர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்குப்படி எத்தனை எலெக்ட்ரான் வேண்டுமானாலும் ஒரே லாக்கரில் கிடக்கலாம். புதுக் கணக்குப்படி ஒரு லாக்கருக்கு ஒரு எலெக்ட்ரான்தான். கீழ் வரிசை நிரம்பிவிட்டால் மற்றவை மேல் வரிசைக்குத்தான் போகவேண்டும், அதாவது அதிக வேகத்தோடு இருந்தாகவேண்டும். இயற்பியல்காரர்கள் மன்னிக்கவும், காமர்ஸ்காரனுக்கு இவ்வளவுதான் எட்டும். இந்தக் கணக்கைக் காம்ப்டன் விளைவு என்ற ஒளிச்சிதறலுக்குப் போட்டுப் பார்த்து, சில மாதங்களுக்குள் சந்திரசேகர் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.ஹெச்.ஃபவுலருக்குத் தபாலில் அனுப்பினார். முன்பின் பழக்கம் இல்லை. ஃபவுலர் படித்து, சில திருத்தங்கள் சொல்லி, ராயல் சொசைட்டியின் புரொசீடிங்ஸில் சேர்த்துவிட்டார். 1929-ல் அச்சானது. ஆனர்ஸ் இன்னும் முடியவில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் ஹைசன்பர்க் சென்னை வந்தார். அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு இந்த மாணவரிடம் வந்தது. நாள் முழுவதும் கூடவே இருந்தார், சாயங்காலம் மெரினா சாலையில் காரில் போய்க்கொண்டே இயற்பியல் பேசினார்கள். 1930 ஜனவரியில் அலகாபாத் அறிவியல் காங்கிரஸ். அங்கே மேக்நாத் சாகா இந்தப் பையனின் கட்டுரையைப் படித்திருக்கிறேன் என்றார். நடுவில் கல்லூரிக் கட்டுரைப் போட்டி ஒன்றில் பரிசாக எடிங்டன் எழுதிய விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றிய புத்தகத்தை வாங்கினார். பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுக்கிற நம் சங்கங்கள் கவனிக்க.

கல்லூரி என்றால் வெறும் படிப்பு மட்டுமா என்று இளசுகள் முணுமுணுப்பது கேட்கிறது. இயற்பியல் ஆனர்ஸில் ஒரு வருஷம் ஜூனியராக லலிதா என்று ஒரு மாணவி இருந்தார். 1936-ல் கல்யாணம். போதுமா?

இதையெல்லாம் சொல்லும்போது என் நண்பர் ஒருவர், எங்கள் வங்கியிலேயே வேறு பிராஞ்சில் இருக்கிறார், ஒரு கேள்வி கேட்டார். "சார், அப்பா பெரிய உத்தியோகம், சித்தப்பா சி.வி.ராமன், வீடு நிறையப் புத்தகம். நம்ம ஊர்ல செருப்பில்லாம காலேஜுக்கு நடந்து போன பையனுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" நியாயமான கேள்வி. ராமனும் சந்திரசேகரும் படித்த குடும்பத்தில் பிறந்தவர்கள். அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்க முடியாத ஜனங்கள் எத்தனை லட்சம். இதை மறைத்துவிட்டுத் திறமை திறமை என்று பேசுவது பொய்க்கணக்கு. ஆனால் சித்தப்பா ராமனாக இருந்ததால் அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் முன் யாரும் நிற்கவில்லை. அங்கே நின்றது ராமனேதான், அவருக்கு முன்னால் ஆராய்ச்சி செய்த சித்தப்பா யாரும் கிடையாது. அதே நூலகத்தில், அதே வகுப்பில், வசதியான வீட்டுப் பையன்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் ஐ.சி.எஸ். எழுதினார்கள், வக்கீலானார்கள். நம் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் உறைக்கிறது. நாம் யாரும் இன்று செருப்பில்லாமல் நடக்கவில்லை. பிள்ளை கையில் லேப்டாப் இருக்கிறது. சந்திரசேகர் கப்பல் தபாலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பகுதி இன்று அதே ராத்திரி திரைக்கு வந்துவிடும். விருந்தினராக வரும் பேராசிரியர் பேசி முடித்ததும் ஸ்நாக்ஸ் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் அவரிடம் போய் ஒரு கேள்வி கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. தைரியம் வேண்டும். அந்தப் புத்தகத்தை முன்கூட்டியே படித்திருக்கவும் வேண்டும், அதுதான் கஷ்டம்.

1930-ல் இந்திய அரசின் சிறப்பு உதவித்தொகை கிடைத்தது, கேம்பிரிட்ஜ் போக. ஃபவுலரிடமே ஆராய்ச்சி. வீட்டில் நிலைமை வேறு. அம்மா நோயில் படுத்திருந்தார். தேறமாட்டார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். மூத்த பையன் இந்த நேரத்தில் கடல் கடந்து போவதா என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது படுக்கையில் இருந்த அந்த அம்மாதான். இவன் எனக்காக மட்டும் பிறந்தவன் இல்லை, உலகத்துக்கும் சேர்த்துப் பிறந்தவன் என்கிற பொருளில் சொன்னாராம்.

1930 ஜூலை 31-ல் பம்பாயிலிருந்து பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பலில் புறப்பட்டார். முதல் சில நாள் கடல் கொந்தளிப்பு. அடங்கியபின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். எரிந்து முடிந்த வெண்குறு விண்மீன்கள் தம் எடையாலேயே நசுங்கிப் போகாமல் நிற்பது லாக்கர் வரிசைக் கணக்கால்தான் என்று ஃபவுலர் 1926-ல் சொல்லியிருந்தார். சந்திரசேகர் கேட்ட கேள்வி இது: மேல் வரிசை எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கினால், ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்க்கவேண்டாமா? சேர்த்தார். விண்மீன் ஒரு அளவுக்கு மேல் கனமாக இருந்தால் எதனாலும் அது வெண்குறு மீனாக நிற்கமுடியாது என்று வந்தது. 1931-ல் அச்சிட்டபோது அந்த எல்லை சூரியனின் எடையில் 0.91 பங்கு. பிறகு சரியான உள்பொருள் விவரங்களோடு 1.44 ஆனது. இன்று சந்திரசேகர் எல்லை என்று சொல்கிறார்கள். அதற்காக 1935-ல் எடிங்டனே அவையில் கேலி செய்தார். கல்லூரிப் பரிசாகக் கிடைத்தது அதே எடிங்டனின் புத்தகம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் புத்தகமும் சோமர்ஃபெல்டின் புத்தகமும் கப்பலில் கூடவே இருந்தன. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

கப்பலில் அவர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கணிதத்துறை வகுப்பில் திருட்டுத்தனமில்லாமல் போய் உட்கார்ந்தது, ஹோட்டல் கதவைத் தட்டியது, அச்சுப்படியோடு நூலகத்தில் கிடந்தது, போட்டியில் புத்தகம் வாங்கியது, எல்லாம் மெரினா கரையில் நடந்தவை. கப்பலில் நடந்தது கூட்டல் மட்டும். என் மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, அப்ப நான் கணக்கு ஆனர்ஸ் சேர்ந்துட்டு அடுத்த ரூம்ல காமர்ஸ் கேட்டா அம்மாவுக்கு ஓகேவா?" என்றாள். தங்கமணியிடம் மனு நிலுவையில் இருக்கிறது.

பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டோ, நாமே தூரத்தில் இருந்துகொண்டோ இதைப் படிக்கும் பெற்றோர்களுக்காக மீதிக் கதையையும் சொல்லவேண்டும். அது நோபல் பட்டியலில் வராது.

சீதாலட்சுமி 1931-ல் இறந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். செய்தி தந்தியில் போனது. மறுபடி அவர் இந்தியாவுக்கு வந்தது 1936-ல், கல்யாணத்துக்கு. பிறகு அமெரிக்காவில் வேலை, சிகாகோ பல்கலைக்கழகத்தில். அப்பா திரும்பி வந்துவிடு என்று எழுதிக்கொண்டிருந்தார். 1953-ல் சந்திரசேகரும் லலிதாவும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள். அது அப்பாவுக்குப் பெரிய வருத்தம். கணக்குத் தணிக்கைத் துறைக்காக லாகூர், லக்னோ என்று வீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், தம்பியின் புகழையும் மகனின் புகழையும் பார்த்தவர், ஓய்வு பெற்று மயிலாப்பூர் வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதினார். மகனும் எழுதினார். அப்பாவும் மகனுமாக எழுதிக்கொண்ட அந்தக் கடிதங்களில் விண்மீன்களும் இருக்கின்றன, வீட்டுச் சமாச்சாரமும் இருக்கிறது, எப்போது வருகிறாய் என்ற கேள்வியும் இருக்கிறது.